ஆனையும் குரக்கன் பிட்டும்

வீட்டு வளவுக்குள் யானை வந்தால் வனசீவராசித் திணைக்களக்காரருக்குத்தான் சொல்ல வேண்டும். தங்கம்மா அக்காவோ ஒட்டுசுட்டானில் இருந்த எங்கள் நீரிழிவு கிளினிக்குக்கு வந்து சொன்னார். ஓய்வு பெறும்வரை நான் அங்கே தாதி.

"மிஸி, வளவுக்குப் பின்னால ஆனை நிக்குது. இந்த மனிசன் இரவில நாலைஞ்சு தரம் சலத்துக்கு எழும்பி வெளியில போறார். நான் ரோச் லைற்றைப் பிடிச்சுக்கொண்டு வாசல்ல நிக்கிறன். என்னவும் நடந்தா நான் என்ன செய்யிறது?"

கணவர் சிவராசா அண்ணை நெல் விவசாயி. ஆனைக்குப் பயமில்லை, இன்சுலின் ஊசிக்குத்தான் பயம் என்றார். இரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. கூடிய சீனியை உடம்பு சிறுநீரோடுதான் வெளியேற்றும். நித்திரையும் கூடவே போய்விடும்.

"இரவில சோறோ?" என்று அண்ணையைக் கேட்டேன்.

"தொடுறேல்லை."

"தேத்தண்ணிக்குச் சீனி?"

"பனங்கட்டிகூட இல்லை."

"அப்ப என்னதான் சாப்பிடுறியள்?"

"குரக்கன் பிட்டு," என்றார் அக்கா பெருமையாக. "சீனி வருத்தத்துக்கு நல்லமெல்லோ."

எங்கள் பக்கம் குரக்கன் என்ற கேழ்வரகு சாப்பாட்டில் சேர்த்தியில்லை, மருந்தில் சேர்த்தி. அதனால் அளவும் இல்லை. விசாரித்தேன். நீத்துப்பெட்டி என்ற ஓலைக் கூடையில் இரண்டு தரம் அவித்த பிட்டு, இரண்டு கதலிப்பழம். வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அண்ணை வர இரவு பத்து மணியாகும். சாப்பிட்ட கையோடு படுக்கை.

"குரக்கனும் மாதான் அக்கா. அரைப்பெட்டி காணும். வயலுக்குப் போக முன்னம் குடுங்கோ. முருங்கையிலைச் சுண்டல், மீன்குழம்பு கூட வையுங்கோ. பழம் வேண்டாம்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவரைக் காப்பாத்துறன் எண்டெல்லோ பாத்துப் பாத்து அவிச்சனான்."

எனக்கும் மனம் கஷ்டப்பட்டது. அன்பை அரைப்பெட்டியாகக் குறை என்று யாருக்குச் சொல்ல வரும்? நான் சொன்னேன். அது என் வேலை. டொக்டர் மருந்துக் குளிசையையும் மாற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு நான் நிறுத்தியதில்லை. எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றும் கேட்பேன். இளம் தாதிமாரே, நீங்களும் அப்படிக் கேளுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு அண்ணை தெளிவாக வந்தார். சீனி இறங்கியிருந்தது. அக்காவின் கண்தான் சிவந்திருந்தது.

"என்னக்கா, இப்பவும் எழும்பிப் போறாரோ?"

"இல்லை மிஸி. விடியுமட்டும் குறட்டை. எனக்குத்தான் கண்மூட ஏலாது."

"தட்டித் திருப்பிப் படுக்க வையுங்கோவன்."

"ஐயோ, வேண்டாம். சத்தம் கேக்குமட்டும் ஆனை வெளியில, ஆள் உள்ளுக்கதானே."