குடவாசல் வயல்களுக்கு என்ன ஆச்சு?

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு உதவும் பிரிவில் இருப்பவனுக்கு முக்கியமான தகுதி, அடுத்தவர் பதற்றத்தைத் தன் பதற்றமாக எடுத்துக்கொள்வது. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

தஞ்சாவூரில் எனக்கு வாய்த்தவர் ஸ்டெல்லா. நீடாமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். டெல்டா நெல் விளைச்சல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை கெடு தவறினால் பட்டமே இல்லை.

பூட்டிய கட்டுரை

ஒரு வெளிநாட்டுக் கட்டுரைக்குப் பதிப்பகத்தின் தளம் பணம் கேட்கிறது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். எழுதியவரே அதைத் தன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக வைத்திருந்தார். அப்படிப்பட்ட பிரதிகளைத் தேடித் தரும் பொத்தான் ஒன்றை ஸ்டெல்லாவின் பிரவுசரில் சேர்த்துக் கொடுத்தேன். அழுத்தினார், கட்டுரை திறந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“சார், இது திருட்டு இல்லையே? பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்ற மாதிரி ஆயிடாதே?”

கொடுக்க மனசில்லை

அடுத்தவர் கட்டுரையை வாங்கிக்கொண்டவர், தன்னுடையதைக் கொடுக்கச் சொன்னதும் மாறிப்போனார். விவசாயிகளிடம் கேட்டுச் சேகரித்த விளைச்சல் விவரங்களை யாரும் பார்க்கும்படி இணையக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்பது நிதி கொடுத்தவர்களின் நிபந்தனை. விவசாயிகளின் பெயர்களை எடுத்துவிடலாம், உங்கள் பெயரும் தேதியும் நிற்கும், யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று தொண்டை வறளச் சொன்னேன். ஒரு வாரம் என் மேசைப் பக்கமே வரவில்லை. கடைசியில் நெறியாளர் விரட்டியதால் வந்து, கண்கலங்க ஏற்றினார்.

“நாத்து விட்டது நான். வேற யாராச்சும் அறுத்துட்டுப் போனா நீங்கதான் சார் பொறுப்பு.”

ஒடிசாவிலிருந்து ஒரு கேள்வி

கொஞ்ச நாளில் களஞ்சியத்தில் அந்த விவரங்களைப் பார்த்துவிட்டு, ஒடிசாவிலிருந்து முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளர் ஸ்டெல்லாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். குடவாசல் வயல்களில் மட்டும் விளைச்சல் மற்ற இடங்களில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறதே, வெள்ளமா, பூச்சியா என்று கேட்டிருந்தார். அங்கே மண் உவர்ப்பு என்று ஸ்டெல்லா ஓர் அத்தியாயமே எழுதி முடித்திருந்தார்.

சந்தேகம் வந்து, விவசாயிகளிடம் பேசிய ஒலிப்பதிவை என் மேசையிலேயே போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் வெளுத்தது. குடவாசல்காரர்கள் எல்லோரும் மாவுக்கு இத்தனை மூட்டை என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மா சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். வீட்டில் மாக்கணக்கே கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த எண் உறுத்தவில்லை, மாற்றாமல் அப்படியே ஏக்கர் கணக்கில் எழுதிவிட்டார்.

அந்த அத்தியாயத்தைத் தூக்கி எறிந்தார். திருத்திய விவரங்களை ஏற்றினார். கெடுவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு நேராக நூலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“நல்லவேளை சார், வைவாவுல தேர்வாளர் கேக்கறதுக்கு முன்னாடியே அந்த ஒடிசாக்காரர் கேட்டுட்டாரு. குடவாசல் மண்ணைப் போய் உப்பு மண்ணுன்னு எழுதிட்டேனே, அங்கதான் எனக்கு மாப்பிள்ளை பாத்திருக்காங்க.”

நன்றியுரையில் ஒடிசாக்காரருக்கு அரைப் பக்கமும் எனக்கு ஒரு வரியும்தான் என்றாலும், எதிர்கால மாமியாரிடமிருந்தும் ஒரு பெண்ணைக் காப்பாற்றிய ஒரே நூலகப் பிரிவு எங்களுடையதாகத்தான் இருக்கும்.