மாட்பக்கெ என்றொரு சொல்

நோர்வேயில் கல்யாண விருந்தில் பெண்ணின் தகப்பன் எழுந்து நின்று பேச வேண்டுமாம். என் தங்கையின் கணவர் காலமாகி இரண்டு வருடம். "அப்பாவுக்குப் பதிலா நீங்கள்தான் பேசவேணும் மாமா, அதுவும் நோர்வேஜிய மொழியிலை," என்று ஒஸ்லோவிலிருந்து மருமகள், கல்யாணப் பெண்ணான தங்கையின் மகள், கேட்டாள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தமிழ் தெரியாது. தாய்மாமன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஓம் என்றுவிட்டேன்.

பேச்சை அவளே எழுதி அனுப்பினாள். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் நான் வேலை செய்யும் தமிழ்க் கடையில், தராசுக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவைத்து, முருங்கைக்காய் நிறுக்கும்போதெல்லாம் முணுமுணுத்தேன். "என்ன அண்ணை, மந்திரமோ?" என்று வந்தவர்களெல்லாம் பகிடி பண்ணினார்கள்.

அந்த மொழியில் இரண்டு சொற்களை ஒட்டி ஒன்றாக்குவார்கள். ஒட்டிய இடத்திலேயே பிரிக்க வேண்டும், பாரம் முன்சொல்லில் விழ வேண்டும். முப்பது வருடமாகப் பிரெஞ்சைக் கடைசி அசையில் அழுத்திப் பழகிய வாய் என்னுடையது. கல்யாண நாளுக்கு 'பிரில்லுப்ஸ்-தாக்'. நான் 'பிரில்லுப்-ஸ்தாக்' என்பேன். "அந்த 'ஸ்' முன்னுக்கு உள்ளது மாமா, இழுத்துக்கொண்டு போகாதேங்கோ," என்று அவளிடமிருந்து குரல் பதிவு வரும். எனக்குக் கோபம் வரும். பிறகு திரும்பவும் சொல்லி அனுப்புவேன்.

என் உயிரை வாங்கியது 'மாட்பக்கெ'தான். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டுப் பொதி. அவளுக்குத் தினமும் அதைக் கட்டிக்கொடுத்தவர் தகப்பன் என்று பேச்சில் ஒரு வரி. 'மாட்'டில் அழுத்து என்றாள். என் நாக்கோ 'பக்கெ'யில் போய்க் குந்திக்கொள்ளும். ஒரு மாதம் பாடுபட்டுத் திருத்தினேன்.

கல்யாணத்தன்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. 'ஸ்' கூட இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அந்த வரி வந்தபோது மச்சானின் முகம் நினைவுக்கு வந்தது. 'மாட்பக்கெ' பழையபடி பிழையாக வந்து விழுந்தது. வெட்கத்தோடு மருமகளைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

பேச்சு முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவும் இப்பிடித்தான் சொல்லுறவர். சின்னனிலை நான் திருத்தித் திருத்தி, கடைசியிலை என்னட்டை அந்தச் சொல்லைச் சொல்லுறதையே விட்டிட்டார்."

அவள் என் கையை விடவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ மாமா."

சொன்னேன். பின்பாதியில் நன்றாக அழுத்தியே சொன்னேன்.