ஓட்டை முதலில், ஊசி பிறகு

என் அண்ணிக்கு நாற்பத்தாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டுக்குத் தையல் மெஷின் வந்தது, பள்ளிக்கூடம் போனது, அவ்வளவுதான் காரணம். இப்போது எங்கள் கடையில் வெட்டுவதும் தைப்பதும் அவள், காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் நான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கடையில் என்றால் கத்திரிக்கோலை ஒளித்து வைக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். கத்திரிக்கோலால் ஒரு வம்பும் வந்ததில்லை. என் வாய்தான் சும்மா இருக்காது.

மாலைக் கல்லூரியில் பள்ளி முடிக்காதவர்களும் உலக வரலாறு படிக்கலாம். நேர்முகத்தில் தேற வேண்டும், இரண்டே வாய்ப்பு. போன வருடம் அண்ணி ஆண்டுகளையெல்லாம் உருப்போட்டுக்கொண்டு போனாள். முதல் கேள்வியிலேயே அத்தனையும் மறந்து, வாய் திறக்காமல் திரும்பி வந்தாள். இந்த முறையும் விட்டால் அந்தக் கதவு சாத்தியாயிற்று. இந்த வயதில் ராஜா ராணி கதை எதற்கு என்று நான் குத்திக்காட்டியபோது ஒரே ஒரு முறைதான் பதில் சொன்னாள்.

"எனக்கு முன்னாடி யாரெல்லாம் இருந்தாங்கன்னு தெரிஞ்சுக்காமலே போயிடக் கூடாது."

தயாரிப்புக்காகக் கல்லூரி கொடுத்த தாளில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. உலகப் படம், தட்பவெப்பம், ஆதிமனிதர், இவைதான். அண்ணி பேட்டர்ன் பேப்பரில் கண்டங்களை வரைந்து, வெட்டி, மேஜையில் பரப்பினாள். குளிர் நிலங்களுக்கெல்லாம் நீலச் சாக்பீஸ் பூசினாள். மற்றவர்களாக இருந்தால் ஆறும் மலையும் மனப்பாடம் செய்வார்கள். இவளோ ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்து, இங்கே என்ன உடுத்தியிருப்பார்கள் என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? தைக்க வேண்டிய சட்டைகள் வேறு மலையாகக் குவிந்திருந்தன.

அப்போதுதான் நூலகப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தாள். சைபீரியாவில் கிடைத்த எலும்பு ஊசி. ஒரு முனையில் கூர், மறு முனையில் நூல் கோக்கத் துளை. ஏறக்குறைய நாற்பதாயிரம் வருடப் பழசு. தன் கையிலிருந்த ஊசியைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அது எலும்பு, இது இரும்பு. மற்றபடி ஒன்றுதான். எனக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

அவள் யோசித்தது தையல்காரியின் யோசனை. நெருப்பைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் போக முடியாது. தோலைச் சும்மா போர்த்தினால் காற்று உள்ளே புகும். உடம்போடு ஒட்டிய, கையும் காலும் வைத்த உடுப்பு வேண்டும், அதற்குத் தையல் வேண்டும். தைக்கத் தெரிந்தவர்கள் வடக்கே போனார்கள். கடல் தாழ்ந்து கிடந்த காலத்தில் ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு நடந்தே போனார்கள். இத்தனை நீலத்தையும் ஊசி கடந்திருக்கிறது என்று அவள் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் மேஜையைப் பார்த்தபடி டீயை ஆறவிட்டோம்.

மறுநாள் கறிக்கடையிலிருந்து எலும்பு வாங்கி வந்தாள். சூப் என்று நினைத்து என் அண்ணன் சந்தோஷப்பட்டான், பாவம். அவள் எலும்பைப் பிளந்து, கல்லில் தேய்த்து ஊசியாக்கி, கடைசியில் கூரான கல்முனையால் துளை போட்டாள். ஊசி இரண்டாகப் பிளந்தது. அடுத்ததும் பிளந்தது. மூன்றாவது பிளந்தபோது விரலும் கிழிந்தது. நேர்முகத்துக்கு இன்னும் மூன்றே நாள்.

பித்தம் தலைக்கேறிவிட்டது என்று திட்டிவிட்டு நான் காஜா மெஷினில் உட்கார்ந்தேன். பட்டன் துளையின் ஓரத்தை மெஷினில் சுற்றித் தைத்த பிறகுதான் நடுவில் கிழிப்போம். முதலிலேயே கிழித்தால் துணி பிரிந்துவிடும். என் கையையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணி சட்டென்று எழுந்தாள்.

"வரிசையை மாத்திப் பண்ணிட்டேன்டி."

அகலமான எலும்புத் துண்டில், சுற்றிலும் பலம் இருக்கும்போதே, முதலில் துளை போட்டாள். பிறகு துளையைச் சுற்றித் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கினாள். ஒரு பகல் முழுக்கத் தேய்த்தாள். அந்த ஊசி உடையவில்லை. அதில் நூல் கோத்துக் கம்பளித் துண்டில் இரண்டு வரி தைத்துவிட்டு, உடைந்த மூன்றோடும் சேர்த்து அதை ஒரு துணியில் முடிந்துகொண்டாள்.

நேர்முக அறையின் கதவு திறந்தே இருந்தது. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். குளிர் நாடுகளுக்கு மனிதர் எப்படிப் போனார்கள் என்று பேராசிரியர் கேட்டார். அண்ணி ஊசியைப் பற்றிச் சொன்னாள். அது எத்தனை ஆண்டு பழையது என்று அடுத்த கேள்வி வந்தது. நாற்பதாயிரம், நாற்பதாயிரம் என்று நான் பெஞ்சிலிருந்தே முணுமுணுத்தேன். அது அவள் காதில் விழவில்லை.

"வருஷம் மறந்துபோச்சு சார்," என்றாள் ஒருவழியாக. "செஞ்சவ பேரும் யாருக்கும் தெரியாது. ஆனா அவ முதல்ல என்ன தப்புப் பண்ணியிருப்பான்னு எனக்குத் தெரியும்."

செய்தது ஆணா பெண்ணா யார் கண்டது? அண்ணிக்கு அது 'அவள்'தான். உடைந்த மூன்று ஊசிகளையும் உடையாத ஒன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியர் நல்ல ஊசியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, துளை வழியாகப் பார்த்தார்.

"வருஷம் எனக்குத் தெரியும்மா," என்றார். "இது தெரியாது. திங்கக்கிழமை வகுப்புக்கு வந்துடுங்க."