நினைவில்லை என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். ஒரே ஒரு பொய். அதனால் நூர்ஜஹானின் தையல் மிஷின் போயிற்று.

மறதி என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரையும் நம்ப வைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... அது மறதி இல்லை. பொறாமை!

மேற்குத் தாம்பரத்தில் ஒரே வீட்டின் இரண்டு போர்ஷன்களில் குடியிருந்தோம். முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் நூர்ஜஹானும் அவள் கணவர் காதரும். எனக்கு அது பதினோராவது வருடம், அவளுக்கு நாலாவது. காதர் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தார். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள். என்னுடையதற்கு மட்டும் கூலி வாங்க மாட்டாள்.

வீட்டுக்காரர் பொழிச்சலூரில் இருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு ஸ்கூட்டரில் வந்து வாடகை வாங்குவார், சுவர்களைப் பார்ப்பார். ஆணி அடிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். காலி செய்வதானால் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அட்வான்ஸில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஒரு துண்டுத் தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து கேட்க எங்களில் யாருக்கும் துணிவு வந்ததில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமாம்!

அந்த ஞாயிறு அவர் கொல்லையில் மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பம்மல்ல ஃபிளாட் வாங்கறோம். ரெண்டு மாசத்துல காலி பண்ணிடுவோம்" என்றாள் நூர்ஜஹான்.

"சரிம்மா, சரிம்மா" என்று அந்த இரைச்சலிலேயே தலையாட்டினார். நான் பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

ஃபிளாட்டா? இவளுக்கா?

அடுத்த வாரம் என்னை அழைத்துப் போய்க் காட்டினாள். சின்ன வீடுதான். ஆனாலும் சுண்ணாம்பு வாசனை போகாத அந்தச் சுவரை அவள் உள்ளங்கையால் தட்டிய விதம் இருக்கிறதே...

"அக்கா, இங்க எங்க வேணா ஆணி அடிக்கலாம்க்கா! யாரு கேக்கப் போறாங்க?"

சிரித்து வைத்தேன். என் வயிறு எரிந்தது. பதினோரு வருடமாக நான் காலண்டரை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வந்தவள் இவள்! திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அவள் பேசினாள். எனக்குத் தலைவலி என்றேன்.

காலி செய்யும் நாள் வந்தது. வாசலில் டெம்போவில் சாமான்கள் ஏறிவிட்டன. அட்வான்ஸ் முப்பத்தைந்தாயிரம் கைக்கு வந்தால்தான் பில்டரின் பாக்கி தீரும். தீர்ந்தால்தான் புது வீட்டுச் சாவி. இது எனக்கும் தெரியும். வீட்டுக்காரர் என் வாசலுக்கு வந்தார், பின்னாலேயே நூர்ஜஹானும் காதரும். அவர் கெட்டவர் இல்லை.

"இன்னாம்மா, ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னேன்றா இந்தப் பொண்ணு. எனக்கு ஞாபகமே இல்ல. நீயும் அங்கதான் இருந்தியாம். நீ சொன்னா போதும், முழுசா குடுத்துடறேன்."

மூவரும் என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்றால் முடிந்தது... ஒரு தலையசைப்பு போதும்!

"எனக்கு நினைவில்லையே சார்" என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்கக்கா" என்றார் காதர்.

"வுடுங்க. அக்காவுக்கு ஆயிரம் வேலை, மறந்திருப்பாங்க. தெரிஞ்சா சொல்ல மாட்டாங்களா?" என்று அவரை அடக்கினாள் நூர்ஜஹான்.

ஏழாயிரம் பிடிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் ஒரு பைசா எனக்கு வந்ததா? இல்லை. அவள் வாங்காமல் போனால் அந்த வீடு எனக்குக் கிடைக்குமா? அதுவும் இல்லை. பின் ஏன்? அவள் முகம் ஒரு நிமிடமாவது வாட வேண்டும்... அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வாடியது. டெம்போவில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் தையல் மிஷினை இறக்கினார்கள். தெருமுனை டெய்லர் வந்து பேரம் பேசி எடுத்துப் போனார். மீதியைக் காதர் முதலாளியிடம் கடன் வாங்கினார். கிளம்பும்போது எனக்குத் தைத்து முடித்திருந்த ரவிக்கையைக் கொடுத்துவிட்டுத்தான் நூர்ஜஹான் வண்டி ஏறினாள்.

அதன்பின் அவள் ஒரு துணிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. இடுப்பு வலி என்று எப்போதாவது சொல்வாள். அந்த ரவிக்கையை நான் ஒருநாளும் போட்டதில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை...

ஒவ்வொரு வருடமும் ரம்ஜானுக்கு முதல் நாள் போன் செய்கிறாள்.

"அக்கா, நாளைக்குப் பிரியாணி எடுத்துகினு வர்றேன். நீங்க பாட்டுக்கு சமைச்சிடாதீங்க. உங்களுக்குத்தான் மறதி ஜாஸ்தியாச்சே!"

சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார் இரைச்சலில் அவள் சொன்னதை, ஒரு சொல் விடாமல் உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டும் இன்னும் சொல்ல முடியவில்லை.