மாமன் மடியும் ஒரு வாளித் தண்ணீரும்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதம். சம்பா அறுவடை முடிந்து எல்லார் கையிலும் கொஞ்சம் ஓய்வு இருந்த நேரம். என் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பது திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் ஒரு கிராமத்தில். எனக்குப் பூதலூரில் உரக்கடை. பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அந்தப் பயணம் எனக்கு இமயமலைக்குப் போவது மாதிரி இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெருங்குடலில் புண். அழற்சி என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னார். அது கிளம்பிவிட்டால் நேரம் காலம் பார்க்காது, இரு என்றால் இருக்காது. தினமும் ஒரு மாத்திரை. உடைக்காமல், கடிக்காமல் முழுசாக விழுங்க வேண்டும். புண் அதிகமானால் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு; அதை நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். குமட்டலுக்கு வேறொன்று. ஊரில் உள்ள பயிருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவன், எனக்கு நானே ஒரு மருந்துக் கடையாகிவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்டீராய்டால் என் முகம் உப்பிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள், "என்ன முதலாளி, நல்லா பூசினாப்ல ஆயிட்டீங்க! வீட்ல விருந்தா?" என்பார்கள். நானும் ஆமாம் என்று சிரித்து வைப்பேன். விஷயம் என் மனைவிக்கும் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு 'அல்சர்' என்று ஒரே வார்த்தை. கல்யாணம், கருமாதி எதற்கும் போவதில்லை. கடையில் ஆள் இல்லை என்று சாக்குச் சொல்லியே காலத்தை ஓட்டினேன். நாலு பேர் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட நேர்ந்தால் ஆயுசுக்கும் கேலி செய்வார்களே என்ற பயம்தான்.

ஆனால் காதுகுத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அதற்கு முன்னால் பட்டுப்பாவாடை, பழத்தட்டு எல்லாவற்றையும் பெண்கள் ஏந்திவர, ஊர் எல்லையிலிருந்து கோயில் வரைக்கும் மேளத்தோடு சீர் ஊர்வலம் போக வேண்டும். கழுத்தில் மாலையும் கையில் தோட்டுத் தட்டுமாக மாமன் முன்னால் நடப்பான். அவன் நின்றால் ஊர்வலமே நின்றுவிடும். அதை நினைக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கலக்கியது.

தங்கைக்கு போன் போட்டு, பெரியப்பா மகன் மடியில் உட்காரவைத்துக்கொள், அவனும் மாமன் முறைதானே என்றேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"மாமன் முறைக்கு எத்தனை பேரு வேணா இருக்கட்டும். எங்கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன்தானே? ஒன் மடி இல்லேன்னா எம் பொண்ணு மூளிக் காதோடவே பள்ளிக்கூடம் போவட்டும். நீ வந்து சேரு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

மற்றது என்றால் எது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விசேஷம் வந்த வாரம் பார்த்து மறுபடியும் மலத்தில் ரத்தம் தென்பட்டது. டாக்டரிடம் சொன்னதும் மருந்தை மாற்றிக் கொடுத்தார். சீக்கிரம் அடங்கிவிடும், போய்வாருங்கள் என்று தைரியமும் சொன்னார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். இந்த மாதிரி நேரத்தில் வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரையை என்னைக் கேட்காமல் போட்டுவிடாதீர்கள், குடல் அப்படியே வீங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடலாம் என்றார்.

விசேஷத்தன்று காலையில் அதே மாத்திரையைத்தான் பெரியப்பா மகன் என் கையில் வைத்து அழுத்தினான். "அல்சரோ கில்சரோ, இதைப் போட்டுக்க. நாள் பூரா வயிறு வாயே தொறக்காது" என்றான். கூடாது என்று தெரிந்தும் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. ஒரு தைரியத்துக்கு இருக்கட்டும் என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஊர்வலம் கிளம்பியது. செண்டை மேளம் காதைக் கிழித்தது. சரவெடி வெடிக்க, இளவட்டங்கள் நாலடிக்கு ஒரு தரம் நின்று ஆடினார்கள். கையில் தோட்டுத் தட்டு, கழுத்தில் கனமான மாலை, உப்பிய கன்னத்தில் சந்தனம். பார்க்கிறவர்களுக்கு நான் மாப்பிள்ளை மாதிரிதான் இருந்திருப்பேன். தெருவில் பாதிகூடப் போகவில்லை, அடிவயிற்றில் ஒரு சுருட்டல். எனக்குப் பழக்கமான சுருட்டல்தான். இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்று அர்த்தம்.

கோயில் கண்ணுக்கே தெரியவில்லை. திரும்பி ஓடவும் வழியில்லை, பின்னால் ஊரே வருகிறது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. பக்கத்தில் வந்த மனைவியிடம் தட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டேன். அவள் என் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்துவிட்டாள். "அதை மொதல்ல உள்ள வைங்க" என்று பல்லைக் கடித்தாள்.

அந்த நேரத்தில் ஒரு வீட்டு கேட்டருகில் நின்ற அம்மா என்னைப் பார்த்துக் கை காட்டினார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, உள்ள வாங்க. மாட்டுக் கொட்டகையைத் தாண்டி வலது கைப் பக்கம். தண்ணி ரொப்பி வச்சிருக்கேன்."

மாலையைக் கழற்றி மனைவி தோளில் போட்டேன். எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே வாளியில் தளும்பத் தளும்பத் தண்ணீர், பிரித்து வைத்த புதுச் சோப்பு, ஆணியில் துவைத்த துண்டு. வாசலில் செண்டை மேளம் ஓயவில்லை. மாமன் நின்றுவிட்டார் என்றதும் பையன்கள் அதையே சாக்காக வைத்து, அந்த வீட்டு வாசலில் ஒரு குத்தாட்டமே போட்டுக்கொண்டிருந்தார்கள். உலகத்திலேயே மேளதாளத்தோடு அந்த இடத்துக்குப் போன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்ததும், எனக்கு அவசரம் என்று எப்படித் தெரிந்தது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஒங்க தங்கச்சி வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட வந்தப்பவே சொல்லிட்டாங்களே. அண்ணனுக்குக் குடல்ல புண்ணு, மருந்து சாப்பிடுறாரு, அவசரம்னா கதவைத் தொறந்து விடுங்கன்னு. இந்தத் தெரு பூரா சொல்லிருக்காங்க."

உடம்பெல்லாம் கூசிப்போனது. கோபமும் வந்தது. பொத்திப் பொத்தி வைத்த ரகசியத்தை வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாளே! தலையைக் குனிந்துகொண்டே தெருவுக்கு வந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சீர்த்தட்டுக்காரப் பெண்கள் நிழலில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்ற ஒரு பெரியவர், காய்ச்சலை விசாரிக்கிற மாதிரி, "இப்ப தேவலாமா தம்பி?" என்றார். தேவலாம் என்றேன்.

மாலையைப் போட்டுக்கொண்டு நாலு வீடு தாண்டியிருப்போம். இன்னொரு வீட்டுக்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலிலேயே மறித்தார்.

"என்ன மச்சான், அந்த வீட்டுக்கு மட்டும் போயிட்டு வர்றீங்க? நானும்தான் காலையிலேருந்து பினாயில் ஊத்திக் கழுவி வச்சுட்டு நிக்கிறேன். எங்க வீடு ஒங்களுக்கு ஆவாதோ?"

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. சிரிப்பைத்தான் சொல்கிறேன். நடுத்தெருவில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். தெருவே சேர்ந்து சிரித்தது. அவர் மனசு நோகக்கூடாதே என்று உள்ளே போய்க் கைகால் கழுவிவிட்டு வந்தேன். அதற்கும் மேளம் அடித்தார்கள்.

கோயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மருமகளை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு ஊர் அதிரக் கத்தினாள். கத்தியதோடு விடவில்லை, என் புதுப் பட்டுவேட்டியையும் நனைத்துவிட்டாள். "மாமனுக்கேத்த மருமவ!" என்று தங்கை சொல்ல, மண்டபமே குலுங்கியது. எனக்கு வெட்கமே வரவில்லை. அப்படி ஒரு சந்தோஷம். ஈர வேட்டியோடு அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பந்தியில் எனக்கென்று குழைய வடித்த சோற்றைத் தங்கையே கொண்டுவந்து போட்டாள். ஏண்டி ஊருக்கெல்லாம் சொன்னே என்று கேட்டேன்.

"சொல்லலேன்னா யாருண்ணே கதவைத் தொறப்பா?" என்று கேட்டுவிட்டு, ரசம் எடுத்துவரப் போய்விட்டாள்.

அந்த மாத்திரையை மறக்காமல் பெரியப்பா மகனிடமே கொடுத்துவிட்டேன். கிடாக்கறியை ஒரு பிடி பிடித்திருந்த அவனுக்குச் சாயங்காலம் அது தேவைப்பட்டதாம்.

நோய் போய்விடவில்லை. மாத்திரை தொடர்கிறது, டாக்டரையும் விடாமல் பார்க்கிறேன். ஆனால் இப்போது எந்த விசேஷத்தையும் விடுவதில்லை. போனதும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். எங்கள் தெருவில் சாமி ஊர்வலமோ சீர் ஊர்வலமோ வந்தால், கேட்டைத் திறந்து வைத்து வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். பல நாள் யாருமே உள்ளே வருவதில்லை. ஆனாலும் வாளி நிரம்புகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், முன்பின் தெரியாத ஒரு தெருவே எனக்காகத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்த அந்தக் காலைநேரம் ஞாபகம் வந்து, என் மனசும் நிரம்பிவிடுகிறது.