பிரேமலா அக்கா எழுதித் தராத பக்கம்

பிரேமலா அக்கா கைப்பேசியில் பதில் அனுப்புவதற்கு முன் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று படித்த காலத்திலிருந்து இதைக் கவனித்து வருகிறேன். சிகாமட் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் பேருந்துக்கு நிற்கும்போது, தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் நிற்பவர் திரும்புவார். அக்கா அவரையும் விடமாட்டார். "கேட்டுட்டீங்கல்ல, சரியா இருக்கா?" என்பார்.

ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டவர். பல் மருத்துவரின் கிளினிக், கைப்பேசிக் கடை என்று சுற்றிவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தார். வேலையை அவருக்குச் சொன்னது நான்தான். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதற்கேற்ற வேலை கிடைக்கும்வரை என்று நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். மக்கள் அரட்டையில் எழுதுவதைக் கணினி புரிந்துகொள்ளப் பழக வேண்டும். அதற்காக ஒவ்வொரு செய்தியும் எந்த மொழி என்று நாங்கள் குறிப்போம். தமிழ், மலாய், ஆங்கிலம். எதிலும் சேராதது 'கலப்பு'. கலப்பில் விழுந்ததெல்லாம் கடைசியில் அழிக்கப்படும்.

தமிழ்ச் செய்திகள் போதவில்லை என்று மேற்பார்வையாளர் மூர்த்தி ஒருநாள் கவலைப்பட்டார். அக்கா ஊருக்குப் போய், வெள்ளத்தின்போது எங்கள் தாமான்காரர்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவை நினைவுபடுத்தி, வீடு வீடாகச் சம்மதம் வாங்கி வந்தார். எங்கள் பேச்சு உனக்கு எதற்கு என்று கேட்டவர்களிடம், நாம் பேசுவதும் தமிழ் என்று பதிவாகட்டும், ஒன்றையும் தூக்கிப்போட விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

அப்படிச் சேர்ந்த செய்திக் குவியலில் அக்கா திறந்த முதல் செய்தி இது: "தண்ணி டா நாயிக், அம்மாவ டேவானுக்கு ஹந்தார் பண்ணிட்டேன், யூ ஸ்டே தேர் லா." தண்ணீர் ஏறிவிட்டது, அம்மாவை மண்டபத்தில் விட்டுவிட்டேன், நீ அங்கேயே இரு. தம்பிக்கு அண்ணன் எழுதியது. விதிப்படி சொற்களை எண்ண வேண்டும். ஒரு மொழிக்குப் பாதியாவது வர வேண்டும். இதில் எந்த மொழிக்கும் பாதி வரவில்லை. நான் கலப்பு என்று போட்டிருப்பேன். அக்கா தமிழ் என்று போட்டார். அடுத்ததையும் அப்படியே போட்டார்.

எங்களைச் சோதிப்பதற்காக, விடை தெரிந்த செய்திகளை நிறுவனம் நடுநடுவே நுழைத்துவிடும். அவை திரும்பத் திரும்ப வருவதால் எல்லாருக்கும் அடையாளம் தெரியும். அவற்றுக்கு மட்டும் விதிப்படி போட்டுவிட்டு, மற்றவற்றில் கை போன போக்கில் போவது அங்கே வழக்கமாகிவிட்டது. அக்கா சோதனைச் செய்திகளுக்கும் தன் பதிலையே போட்டார். அவருடைய மதிப்பெண் சரிந்து திரையில் சிவப்பானது. வெள்ளிக்கிழமைக்குள் ஏறாவிட்டால் அவருடைய கணக்கு முடக்கப்படும். அவர் குறித்தவை எல்லாம் நீக்கப்படும். சிகாமட் குவியல் வேறொருவர் கைக்குப் போய் விதிப்படி கலப்பாகும்.

பக்கத்து மேசை ரூபேந்திரனுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அந்த நாசி லெமாக் சாப்பாட்டு மெசேஜ் டெஸ்டு. கண்ண மூடிட்டு மலாய் போடுங்க. மத்ததுல உங்க இஷ்டம் லா."

"டெஸ்டுக்கு ஒண்ணு, நெசத்துக்கு ஒண்ணா? எனக்கு வாய் ஒண்ணுதான்யா."

"வாய் ஒண்ணுதான். ஆனா ரொம்பப் பெருசு."

அக்காவும் சிரித்தார். ஆனால் பதிலை மாற்றவில்லை. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. விடைத்தாள் எதை எதிர்பார்க்கிறதோ அதை எழுதித்தான் பட்டம் வரை வந்திருக்கிறேன். அது படிப்பா, பழக்கமா என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். முடிவுக்கு வர முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மூர்த்தி அக்காவைக் கூப்பிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாமே கேட்டது. சோதனைச் செய்திகளை மறுபடி திறந்து தருகிறேன், விதிப்படி போட்டுவிடுங்கள், வேலை தப்பிக்கும் என்றார். அக்கா மறுத்தார். விதி தன்னுடையது இல்லை, இந்த வேலையைக் கொடுத்த வாடிக்கையாளருடையது என்று மூர்த்தி கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"அப்ப அவரு சிகாமட்டுக்கு வந்து இடுப்பளவு தண்ணில நின்னு மெசேஜ் போடட்டும் சார். எத்தன மொழி வருதுன்னு நானும் எண்ணிப் பாக்குறேன்."

மூர்த்தி இறங்கி வந்தார். உங்கள் கணக்கைக் காப்பாற்ற என்னால் முடியாது, ஆனால் சிகாமட் குவியலை அழிக்காமல் தனியே நிறுத்திவைக்கிறேன் என்றார். அதற்குப் பதிலாக, இவை ஏன் தமிழ் என்று அக்கா ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். விளக்கம் வருகிறது என்று வாடிக்கையாளரிடம் தன் பெயரில் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

"எழுதித் தர்றேன்," என்றார் அக்கா. அன்று மாலையே கணக்கு முடங்கியது. தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். ரூபேந்திரன் லிப்ட் வரை கூடவே போனான்.

இப்போது அக்கா சிகாமட்டில், பழைய கிளினிக்கிலேயே நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறார். போன மாதம் ஊருக்குப் போனபோது அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். மூர்த்தி ஒவ்வொரு கூட்டத்திலும் வாடிக்கையாளரிடம் அவகாசம் கேட்கிறார், அவர் பெயர்தான் கெடுகிறது என்றேன். அக்கா மறுக்கவில்லை. அவர் நல்ல மனிதர், அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

"எழுத உக்காந்தா அவங்க ரூல் மாதிரியே வருது. இது இத்தன, அது இத்தனன்னு. நாங்க தமிழ்தான் பேசுறோம்னு நான் ஏன் கணக்குக் காட்டணும்? கிழிச்சுப் போட்டுட்டேன்."

நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். எனக்கு வரும். மேற்கோளும் அடிக்குறிப்புமாக ஒரே இரவில் முடித்துவிடுவேன்.

"நீ எழுதினா உன் பேரப் போட்டுக் குடு. என் கடன நீ அடைக்காத."

இரண்டு பேரும் எழுதவில்லை. குவியல் நிறுத்திவைத்த இடத்திலேயே இருக்கிறது. இந்தத் திங்கட்கிழமை மூர்த்தி என் மேசைக்கு வந்து, உங்கள் அக்கா ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். பக்கம் வரும் என்றேன். தலையாட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போனார்.