இடது ஓரத்தில் ஒரு வீக்கம்

என் அக்காவின் கழுத்தில் வந்த கட்டியை முதலில் பார்த்தது ஒரு பழைய லென்ஸ். அது பொய் சொல்கிறது என்று அடித்துச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவள் புருஷன். இன்னொருவன் நான். பழைய கேமராக்களை வாங்கி விற்று, பழுது பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவன். லென்ஸில் எனக்குத் தெரியாதது இல்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தானைப் பற்றி நான் என்ன பேசினாலும், இவன் மட்டும் ரொம்ப யோக்கியனோ என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.

அத்தானுக்குக் கடை கடையாகப் போய்த் தராசு, எடைக்கல், அளவுகோல் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். ஒரு துணிக்கடையின் மீட்டர் கோல் மூன்று மில்லிமீட்டர் குறைகிறது என்று பறிமுதல் செய்தார். அன்றிலிருந்து கடைத்தெருவில் அவர் பெயர் மில்லி. ‘மில்லி வர்றார்’ என்றால் தராசுத் தட்டைத் துடைத்து வைப்பார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷன். அடுத்தவன் பொருளில் குறை கண்டுபிடிப்பதில் அப்படி ஒரு ஆனந்தம்.

“வீட்டுல எல்லாத்துலயும் முத்திரை குத்தியாச்சுடா, நான்தான் பாக்கி,” என்பாள் அக்கா. அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தர். சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கும். மைக் எதற்கு, உங்கள் கிளார்க்கம்மா போதுமே என்று தலைமையாசிரியையிடம் பெற்றோர்கள் கிண்டல் செய்வார்கள்.

அத்தானுக்கு லென்ஸ் பைத்தியம் பிடிக்க நான்தான் காரணம். கையடக்கமான மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு என் கடை மாடி ஏறி வந்தார். ஒரு அடாப்டர் வளையம் போட்டால் அந்தக் காலத்து ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமரா லென்ஸ்களை இதில் மாட்டலாம் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். அவருக்கு வேண்டியது அகல லென்ஸ்கள் மட்டும். முப்பத்தைந்து, இருபத்தெட்டு, இருபத்தொன்று மில்லிமீட்டர். எண் குறையக் குறைய, கண்ணாடி அதிக இடத்தை வளைத்துப் பிடிக்கும்.

அவை ஃபிலிமுக்காகச் செய்த கண்ணாடிகள். டிஜிட்டலில் மாட்டினால் நடுப்பகுதி ஜம்மென்று வரும், ஓரத்தில் இழுபடும், கரையும், ஊதா படியும். எந்த லென்ஸ் ஓரத்தில் குறைவாகச் சொதப்புகிறது என்று ஆராய்வதுதான் இந்தப் பைத்தியக்காரர்களின் முழுநேர வேலை. படமெடுப்பது இல்லை. அத்தானிடம் ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் இருந்தது. ஃபிலிம் போட்டு, நல்ல படத்துக்கு என்று அலமாரியில் வைத்திருந்தார். மூன்று வருஷமாக அந்த நல்ல படம் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மொட்டைமாடியில் சோதனை. மாடிப்படி அறையின் செங்கல் சுவர்தான் களம். எதிரே முக்காலியில் கேமரா. தூரம் மாறிவிடக் கூடாது என்று லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை நீல டேப்பால் ஒட்டிவிடுவார். சுவரின் வலது கோடியில் ஸ்டூல் மேல் ஒரு பூந்தொட்டி. இடது கோடியில் செய்தித்தாளை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு அக்கா. ஓரத்தைச் சோதிக்கத் தோல் வேண்டும், முடி வேண்டும், எழுத்து வேண்டும், செங்கல் மட்டும் போதாது என்பது அவர் கட்சி.

“எத்தனை வருஷமா ஓரத்துலயே நிக்கறேன் பாரு,” என்று அக்கா என்னிடம் சொல்வாள். “நடுவுல யாரு நிக்கறான்னு கேளு. செங்கல்.”

அத்தான் சிரிக்க மாட்டார். “ஆடாத. ஆடினா லென்ஸ் மேல பழி விழும்,” என்பார்.

அந்த இருபத்தொன்றை அவருக்கு விற்றதும் நான்தான். பத்திரிகையில் படமெடுத்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து வந்தது. பித்தளை தெரியத் தேய்ந்த உடம்பு, உள்ளே கண்ணாடி பளிங்கு. முதல் சோதனைக்கு நானும் போயிருந்தேன். கீழே வந்து கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு, இடது ஓரத்தை மட்டும் பெரிதாக்கினார். அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்து எங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“ஏன்டா, என் கழுத்து இந்தப் பக்கம் மட்டும் புடைச்சாப்பல இருக்கு?”

“ஓரம் இழுக்குது. அவ்வளவுதான்,” என்றார் அத்தான்.

அவள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “நீ சொல்லு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்.”

“அக்கா, அகல லென்ஸ்ல ஓரத்துல நின்னா சினிமா நடிகைக்கே கழுத்து வீங்கும். அந்தக் கோடியில தொட்டியைப் பாரு, முட்டை மாதிரி இருக்கா இல்லையா?”

“கண்ணாடியில பாத்தாலும் லேசா அப்படித்தான்டா தெரியுது.”

“படத்தைப் பாத்துட்டுக் கண்ணாடியைப் பாத்தா அப்படித்தான் தெரியும். மனசுல விழுந்துடுச்சுல்ல.”

“அப்ப சரி,” என்று செம்பை வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ‘அப்ப சரி’யோடு நானும் விட்டுவிட்டேன். இழுபட்டால் கன்னமும் காதும் சேர்ந்துதானே இழுபட வேண்டும்? கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் எந்த லென்ஸ் இழுக்கும்? கடைக்கு வருகிற ஒவ்வொரு லென்ஸையும், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன். குறை லென்ஸில் இருந்தால் அது எதிர் ஓரத்துக்குப் போகும், பொருளில் இருந்தால் பொருளோடு நிற்கும். கத்துக்குட்டிக்கும் தெரிந்த சோதனை. அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் அத்தான் லென்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“மாப்ள, இது கோணல். இடது ஓரம் வீங்குது. வலது ஓரம் சுத்தம்.”

“நானே பிரிச்சுத் துடைச்சுப் பூட்டின லென்ஸ் அத்தான்.”

“அப்ப நீ பூட்டினதுதான் கோணல்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே கட்டடங்களுக்கு வரைபடம் போட்டு, அவற்றைப் படமும் எடுக்கிற ஒருவர் அதை வாங்கிப் போனார். பத்து நாள் கழித்து வந்து, நாலு ஓரமும் அடிமட்டம் வைத்த மாதிரி வருகிறது, இப்படி ஒரு லென்ஸை எந்த மடையன் திருப்பிக் கொடுத்தான் என்று கேட்டார். எனக்கு ஒரே குஷி. உடனே அத்தானுக்கு ஃபோன் போட்டு, உங்கள் கண்ணைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று நக்கலடித்தேன். லென்ஸில் குறையில்லை என்றால் குறை வேறு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. ஜெயித்தவனுக்கு அதெல்லாம் எதற்கு?

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வேறு ஒருவரிடம் இன்னொரு இருபத்தொன்று வாங்கினார். அதிலும் இடது ஓரம் வீங்கியது, முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. அடாப்டர் வளையம் சரியில்லை என்று அதை மாற்றினார். பிறகு இருபத்தெட்டை எடுத்துப் பார்த்தார். கடைசியில் கேமராவையே பழுது பார்க்க அனுப்பினார். குறை எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தார். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தார். இடது ஓரம், வீக்கம். இடது ஓரம், வீக்கம் அதிகம். அவர் சந்தேகப்படாத பொருள் அந்த மாடியில் ஒன்றே ஒன்றுதான், அது அவருக்காகச் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்றது.

பதினோரு மாதம் இப்படி ஓடியது. அக்காவின் குரல் கம்ம ஆரம்பித்தது. சளி என்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெயர் காதில் விழாமல் அவள் மேஜைக்கே வந்து எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறியது. தலைமையாசிரியைதான் ஒரு நாள் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். குறை கண்டுபிடிக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் இருந்தும், வெளியாள்தான் பார்த்தார்.

பரிசோதனை முடிவு வந்த அன்று நாங்கள் மூவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். சின்ன வயசுப் பெண். தைராய்டில் புற்று, பரவியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, “கட்டி எப்பலேர்ந்து இருக்கும்மா?” என்று கேட்டாள்.

அக்கா தன் கம்மிய குரலில் சொன்னாள். “போட்டோவுல ஒரு வருஷமா இருக்கு டாக்டர். நெசத்துல எப்ப வந்துச்சுன்னு தெரியல.”

டாக்டருக்குப் புரியவில்லை. அத்தான் பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். படங்கள் அவர் ஃபோனிலும் இருந்தன. ஒவ்வொன்றாகத் தேதி சொல்லிக் காட்டினார், தராசுக் கேஸில் சாட்சி சொல்வது போல. டாக்டர் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். செங்கல் சுவர், செய்தித்தாள், கழுத்து. செங்கல் சுவர், செய்தித்தாள், கழுத்து.

“இவ்வளவு தெளிவா இருக்கே. யாருமே எதுவும் கேக்கலையா?”

“நான் கேட்டேன்,” என்றாள் அக்கா. “ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன்.”

அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அத்தான் நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

ஆப்பரேஷனுக்கு முந்தின ஞாயிறு, ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்துவைக்க உதவலாம் என்று போயிருந்தேன். அன்று சோதனை எதுவும் இல்லை. அக்காவே பத்து மணிக்கு எழுந்து தலை வாரிக்கொண்டாள்.

“என்னங்க, அந்த இன்னொரு கேமராவை எடுங்க. நல்ல படத்துக்குன்னு வச்சிருக்கீங்களே, அது.”

அத்தான் பரபரவென்று மிரர்லெஸ்ஸிலிருந்து லென்ஸைக் கழற்றினார், வளையத்தை எடுத்தார், ரேஞ்ச்ஃபைண்டரில் மாட்டினார். மூவரும் மாடிக்குப் போனோம். பழக்கதோஷத்தில் அக்கா இடது கோடிக்குத்தான் நடந்தாள். பாதியில் நின்று, திரும்பி, நேரே நடுவுக்கு வந்தாள். அங்கேயும் நிற்கவில்லை. கேமராவுக்குக் கைக்கெட்டும் தூரம் வரை வந்துவிட்டாள்.

“இவ்வளவு கிட்டயா?” என்றார் அத்தான்.

“கிட்டதான். ஓரம் போதும்.”

அவர் கண்ணை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. ஒரே ஒரு தடவை அழுத்தினார்.

“வந்துச்சா?” என்றாள்.

“வந்துடுச்சு.”

“லென்ஸ் எப்படி?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆப்பரேஷனில் குரல் முழுதாகப் போயிற்று. அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாள். வேண்டியதைச் சீட்டில் எழுதிக் காட்டுவாள். வேண்டியது அதிகமில்லை.

எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அத்தான் கடைக்கு வந்தார். கேமரா, நோட்டு, பை. மாட்டி வைக்க ஒரு படம் வேண்டும், வீட்டில் இருக்கிற ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்றுகூட உதவாது, இந்தச் சுருளைக் கழுவிக் கொடு என்றார். கழுவினேன். முப்பத்தாறில் நாலுதான் எடுத்திருந்தார். மூன்று மேகம். நாலாவது அக்கா. ஈரம் காய்ந்ததும் விளக்கு மேஜையில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன்.

செங்கல்லை எண்ணலாம். நடுவில் பூசிய சிமெண்டில் கொத்தனார் கரண்டியின் கோடு தெரிகிறது. துணிக்கொடி கட்டுகிற ஆணியின் துரு தெரிகிறது. அதற்கு முன்னால், அக்காவின் முகம் மட்டும் தண்ணீருக்குள் கிடப்பது போலக் கலங்கிப் போயிருந்தது. சிரித்தாளா, உதட்டைக் கடித்தாளா என்றுகூடச் சொல்ல முடியாது.

லென்ஸில் நீல டேப் அப்படியே இருந்தது. அதே சோதனை லென்ஸ், ஒளித் துவாரம் முழுக்கத் திறந்தபடி, ஃபோகஸ் சுவர் தூரத்தில் ஒட்டியபடி. ரேஞ்ச்ஃபைண்டரில் எட்டிப் பார்த்தால் எல்லாமே துல்லியமாகத்தான் தெரியும். நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் முகம் இரண்டாகத் தெரியும், வளையத்தைத் திருப்பி அதை ஒன்றாக்க வேண்டும். அழுகிற கண்ணுக்கு எல்லாமே இரண்டுதான். அவரைச் சொல்லிப் பயனில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன், டேப் என் கண்ணெதிரே பளிச்சென்று இருந்தது.

அத்தான் என் கையிலிருந்த உருப்பெருக்கியை வாங்கிக் குனிந்து பார்த்தார். வழக்கம்போல் முதலில் ஓரங்கள், பிறகு நடு. நிமிர்ந்து, டேப்பை நகத்தால் கிள்ளி உரித்து, உருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நோட்டைப் பிரித்து எழுத உட்கார்ந்தார்.

“இப்ப என்ன எழுதறீங்க?” என்று கேட்டேன். கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்தக் கேள்விதான் வந்தது.

அவர் நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தேதி. இருபத்தொன்று, முழுத் திறப்பு. இடது ஓரம், காலி. அதற்குக் கீழே, கோணல் இல்லாத அந்தக் கையெழுத்தில் ஒரு வரி. லென்ஸில் குறை இல்லை.